இன்னா குடிச்ச மரம் இது?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பெஞ்சு வாங்கினேன். ராணிப்பேட்டைப் பக்கம், சாலையோரத்தில் பழைய மரம் விற்கும் ஒரு கடை. மூன்று அங்குல கனம், ஏழடி நீளம், ஒரு முடிச்சுகூட இல்லாத பலகைகள் மூன்றைச் சேர்த்து அடித்த பெஞ்சு. இரண்டு பேர் தூக்கவே திணறினோம். ஆப்பிரிக்க மரம், நூறு வருஷத்துக்குக் கரையான்கூட எட்டிப் பார்க்காது என்றார் கடைக்காரர். கரையான் விஷயத்தில் அவர் சொன்னது சரி. சத்துவாச்சாரி வீட்டு வராந்தாவில் போட்டோம். கோடை முழுக்க நன்றாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்த முதல் வாரம் பெஞ்சு வியர்த்தது. மேலே கூரை, சாரல்கூட படாத இடம். துடைத்தால் மறுநாள் காலையில் மறுபடி ஈரம். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்ததும் பலகையின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. (இதை நீங்கள் செய்ய வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.)

எங்கள் வீட்டு நிலை, கதவெல்லாம் செய்த ஆசாரி ஒருவரை அழைத்துக் காட்டினேன். எழுபதைத் தாண்டியவர். பெஞ்சைக் கவிழ்த்துப் போடச் சொன்னார். அடிப்பக்கத்தில் வரிசையாக வட்ட வட்டமாக மரத்துண்டு அடித்து அடைத்த ஓட்டைகள். பலகையின் ஓரத்தில் விரலை வைத்துத் தடவினார். ஓரம் நேராக இல்லை, ஒரு நூல் சாய்ந்திருந்தது. "தம்பி, இது இன்னா மரம்னு கேட்டு வாங்கினே. இன்னா குடிச்ச மரம்னு கேட்டியா?" என்றார்.

டேனரியில் தோல் பதனிடும் டிரம்மின் பலகை அது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பழைய பீப்பாயைப் பிரித்து மேசை நாற்காலி செய்வது உலகம் முழுக்க நடக்கிற வேலை. பீப்பாய், மேசை, அலமாரி மூன்றுமே போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொற்கள். ஒன்று இன்னொன்றாக மாறுவதில் சொல்லளவில் எந்தத் தடையும் இல்லை! ஆனால் ஸ்காட்லாந்திலோ அமெரிக்காவிலோ உடைக்கிற பீப்பாயும், நம் பாலாற்றங்கரையில் உடைக்கிற டிரம்மும் செய்முறையில் அண்ணன் தம்பி, குணத்தில் வேறு வேறு. அங்கே எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு இங்கே உளி எடுப்பதில்தான் சிக்கல்.

பீப்பாயை முதலில் பார்த்துவிடுவோம். அது ஆணியும் பசையும் இல்லாமல் நிற்கிற பாத்திரம். முப்பது சொச்சம் பலகைகள், இரண்டு மூடிகள், சுற்றிலும் இரும்புப் பட்டைகள். திரவம் உள்ளே போனதும் மரம் ஊதும், பட்டை விட்டுக்கொடுக்காது, ஊதின பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி இடுக்கை அடைத்துக்கொள்ளும். ஊறுகிற வரைக்கும்தான் அது பீப்பாய். காய்ந்துவிட்டால் விறகுக் கட்டு மாதிரி சரிந்துவிடும்.

இதற்கு எல்லா மரமும் ஆகாது. வெள்ளை ஓக் ஆகும், சிவப்பு ஓக் ஆகாது. வெள்ளை ஓக்கில் வைரம் பாயும்போது மரமே தன் நீர்க்குழாய்களை உள்ளுக்குள் அடைத்துக்கொள்கிறது. சிவப்பு ஓக்கில் அந்த அடைப்பு கிடையாது. ஒரு துண்டை வாயில் வைத்து ஊதினால் அடுத்த முனையில் காற்று வரும். அமெரிக்காவில் போர்பன் விஸ்கி என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால், உள்பக்கம் கருக்கிய புது ஓக் கலத்தில்தான் சரக்கை வைக்க வேண்டும் என்பது சட்டம். எனவே ஒரு தடவை பயன்படுத்திய பீப்பாய் அவர்களுக்கு வேண்டாத பொருள். அது கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போகிறது. ஸ்காட்ச் குறைந்தது மூன்று வருஷம் ஓக்கில் கிடக்க வேண்டும், ஆனால் பீப்பாய் புதிதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நாலைந்து தடவை நிரப்பி, மரத்தில் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்று ஆன பிறகுதான் அது தச்சன் கைக்கு வரும்.

வந்த பிறகு என்ன கிடைக்கும்? நினைப்பதைவிடக் கம்மி. 200 லிட்டர் பீப்பாயின் பலகை சுமார் மூன்றடி நீளம், ஓர் அங்குல கனம். நடுவில் அகலம், இரு முனையிலும் குறுகல். அதோடு வயிறு மாதிரி வளைந்தும் இருக்கும். முழு நீளத்தில் அந்த வளைவு ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு வரும். இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். பலகையைப் பாதியாக வெட்டினால் வளைவு பாதியாகாது, கால்வாசியாகும். மூன்றாக வெட்டினால் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது அரை சென்டிமீட்டர் சொச்சம். அதை இழைத்துத் தட்டையாக்கிவிடலாம். ஆகவே தட்டைப் பலகை வேண்டுமானால் ஒரு அடித் துண்டுகளாகத்தான் கிடைக்கும். நீளம் வேண்டுமானால் வளைவோடு வாழ வேண்டும். பீப்பாய் நாற்காலிகளெல்லாம் முதுகு வளைந்து இருப்பதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமில்லை.

இரும்புப் பட்டை படிந்த இடத்தில் நீலக் கறுப்பாக ஒரு வரி இருக்கும். இழைத்தாலும் சீக்கிரம் போகாது. ஓக்கில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புச் சரக்கும் இரும்பும் சேர்ந்த கறை. நமக்கு இது புதிதல்ல. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சிய ஊர் இது. காளஹஸ்தி கலம்காரித் துணி ஓவியத்தின் கறுப்புக் கோடும் அதே ரசாயனம்தான். 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை அந்தக் காளஹஸ்தியும் வட ஆர்க்காட்டில்தான் இருந்தது.

இணையத்தில் 'விஸ்கி பீப்பாய் மேசை' என்று விற்கிறார்களே, வாங்குமுன் உள்பக்கம் பாருங்கள். உண்மையான பீப்பாய் என்றால் உள்ளே கருகல் இருக்கும், முனைக்கு இரண்டு விரற்கடை தள்ளி மூடி உட்கார்ந்த காடி ஓடும். இரண்டும் இல்லையென்றால் மாம்பலகையில் பட்டை அடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. மாம்பலகை தப்பில்லை, விலைதான் தப்பு.

எது எப்படியோ, அந்தப் பீப்பாய் குடித்தது சாராயம். அது ஆவியாகிப் போகும். மிஞ்சுவது கொஞ்சம் வாசனையும் கரியும். வீட்டுக்குள் வைக்க ஒரு பயமும் இல்லை. நம் டிரம்மின் கதைக்கு வந்தால், அது குடித்ததில் பாதி ஆவியாகாது.

டிரம்முக்குள் என்ன நடக்கிறது

டேனரிக்குள் போகாதவர்களுக்கு: படுக்கப் போட்ட ஒரு ராட்சசப் பீப்பாயைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எட்டடி விட்டம், எட்டடி அகலம் என்பது சாதாரணம். இருபுறமும் அச்சு, ஒரு பக்கம் பெரிய பல்சக்கரம், மோட்டார். உள்சுவரில் முழங்கை நீளத்துக்குக் கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். டிரம் சுற்றும்போது தோலைத் தூக்கித் தூக்கிப் போட்டுத் துவைப்பது அந்தக் கட்டைகள்தான். என் பெஞ்சின் அடியில் இருந்த வட்ட அடைப்புகள் அவை இருந்த இடம். தோலை ஊற வைக்கும், சுண்ணாம்பு போடும் டிரம்கள் நிமிஷத்துக்கு மூன்று நாலு சுற்று, நிதானமாகப் போகும். சாயம் ஏற்றும் டிரம் பத்துக்கு மேல் சுற்றும்.

பீப்பாய் போலவே இதிலும் பலகைகள் ஊதித்தான் கசிவு அடைபடுகிறது. வெளியே இரும்பு வளையம் போட்டு நட்டு முறுக்கியிருப்பார்கள். ஆனால் இதற்கு வயிறு கிடையாது. நேர் உருளை. ஆகவே பலகைகள் வளைவில்லாமல், முனை குறுகாமல், நீளமாக, கனமாக இருக்கும். ஓரங்கள் மட்டும் சாய்வு. எட்டடி விட்டத்துக்குச் சுற்றளவு சுமார் 25 அடி. ஐந்தங்குலப் பலகை என்றால் அறுபது வேண்டும். அறுபது பலகை ஒரு வட்டமாக வர, ஒவ்வொரு ஓரமும் 3 டிகிரி சாய வேண்டும். ஆசாரி விரலால் தடவிக் கண்டுபிடித்தது இந்த 3 டிகிரியைத்தான். ஓக் பீப்பாயில் இது இரண்டு மடங்கு, 6 டிகிரி. டிரம் பலகையில் இரண்டு ஓரத்தையும் ஒரு இழைப்பு இழைத்தால் போதும், சுத்தமான சதுரப் பலகை.

மரம் எவ்வளவு என்று பாருங்கள். மூன்றங்குல கனத்தில், உருளைச் சுவர் 50 கன அடி, இரண்டு பக்க மூடிகளும் சேர்ந்து 25. ஒரு டிரம்மை உடைத்தால் 75 கன அடி. பாதி சேதாரம் போனாலும் ஒரு வீட்டுக்கான மர வேலை அதில் முடியும். மரமும் லேசுப்பட்டதல்ல. தேக்கு, இரோகோ, எக்கி என்று தண்ணீரில் கிடந்தாலும் மக்காத ஜாதிகள். எக்கி தண்ணீரில் போட்டால் மூழ்கும். அதில் செய்த எட்டடி டிரம் என்றால் மரம் மட்டுமே இரண்டு டன்னுக்கு மேல் வரும். மரக்கடைக்காரர்களுக்கு ஆசை வருவதில் என்ன ஆச்சரியம்?

இத்தனை டிரம் இந்த வட்டாரத்துக்கு எப்படி வந்தது என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி ஓடும் தோல் தொழில் ஒரு காலத்தில் குழித் தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய குழியில் தோலை வாரக்கணக்கில் போட்டு எடுப்பார்கள். 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று அதற்கு லண்டன் சந்தையில் தனிப் பெயர். அரைப் பதத்தில் அதை அப்படியே ஏற்றுமதி செய்தார்கள். 1972-ல் சீதாராமையா கமிட்டி வந்து, பாதி பதனிட்ட தோலை அனுப்பாதே, முழுசாகச் செய்து அனுப்பு என்ற கொள்கைக்கு வழி போட்டது. முழுசாகச் செய்ய வேண்டுமென்றால் வேகம் வேண்டும், தோலைப் பதனிடும் குரோம் வேண்டும், சாயம் வேண்டும், எண்ணெய் வேண்டும். இவற்றுக்கெல்லாம் டிரம் வேண்டும். குழிகள் இருந்த இடத்தில் டிரம்கள் சுற்ற ஆரம்பித்தன.

அடுத்த இருபது வருஷத்தில் டேனரிக் கழிவால் பாலாறு என்ன ஆனது என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. டேனரிப் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. 'கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டதில் அதற்குப் பெரிய பங்கு. சுத்திகரிப்பு நிலையத்தோடு சேராத டேனரிகளுக்குப் பூட்டு. பூட்டிய டேனரியில் டிரம்முக்கு என்ன ஆகும்? காயும். காய்ந்தால் பலகை சுருங்கி இடுக்கு விடும், மறுபடி தண்ணீர் ஊற்றினால் சல்லடை மாதிரி ஒழுகும். அதனால்தான் வேலை இல்லாத நாளிலும் டிரம்மில் தண்ணீர் விட்டு வைப்பார்கள். ஒரு வருஷம் நின்ற டிரம் ஓட்டுவதற்கு ஆகாது, உடைப்பதற்குத்தான். ஓடுகிற டேனரிகளிலும் வயசான மர டிரம்மை எடுத்துவிட்டு பாலிபுரோப்பிலீன், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று மாறுகிறார்கள். மரம் வெளியே வரும் வழிகள் இவை.

சரி, குடித்தது என்ன? அது எந்த டிரம் என்பதைப் பொறுத்தது.

ஊற வைக்கும் டிரம் குடித்தது உப்பு. பச்சைத்தோல் கெடாமல் இருக்க எடையில் நாற்பது சதவீதம் வரை உப்புப் போட்டுத்தான் மண்டிக்கு வருகிறது. டிரம்மில் போட்டதும் அது கரைந்து மரத்தின் நாருக்குள் இறங்கிவிடும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். வெயில் வந்தால் மேலே வந்து பூக்கும். என் பெஞ்சு ஐப்பசியில் வியர்த்த கதை இதுதான். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஆணி, கீல், திருகு எல்லாவற்றையும் தின்னும். மேலே அடித்த பாலிஷ் தோல் உரிவது போல உரியும்.

சுண்ணாம்பு டிரம் குடித்தது சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும். மயிரைக் கரைக்கிற சரக்கு அது. காரம் பிஎச் 12-ஐத் தொடும். மயிரைக் கரைப்பது மரத்தை மட்டும் சும்மா விடுமா? நாரைப் பிடித்துவைத்திருக்கும் பசை கரைந்து, உள்முகம் பஞ்சு மாதிரி நார் நாராக எழும்பும். நகத்தால் கீறினால் பிய்ந்து வரும். அந்த ஆழம் வரைக்கும் மரம் செத்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

குரோம் டிரம்தான் முக்கியம். டேனரியில் போடுவது பேசிக் குரோமியம் சல்பேட். பச்சை நிறத் தூள். அதில் பதனிட்ட ஈரத்தோல் நீலமாக இருப்பதால்தான் அதற்கு 'வெட் புளூ' என்று பெயர். போட்ட குரோமில் வழக்கமாக 60, 70 சதவீதம்தான் தோலில் ஏறும். மிச்சம் கழிவு நீரில் போகிறது, அதில் ஒரு பங்கு மரத்திலும் தங்குகிறது. தோலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வது போலவே மர நாரையும் குரோம் பிடித்துக்கொள்ளும். கழுவினால் சுலபத்தில் விடாது. இந்த நிலையில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். அதைக் கண்டு அலற வேண்டியதில்லை, நாம் போடும் செருப்பிலும் பெல்ட்டிலும் இருப்பதுதான். பயப்பட வேண்டியது ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியானது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதத்திலிருந்து, நம் உடம்பில் படுகிற தோல் பொருளில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வைத்திருக்கிறது. மூன்று ஆறாக மாறுவதற்குச் சூடும், காற்றும், காரமும் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்து வருகிறேன்.

சாய டிரம்மில் எது இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஜெர்மனி 1989-ல் பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்தபோது நம் ஏற்றுமதியாளர்கள் ஆடிப்போனார்கள். அதுவரை அது தோலுக்குச் சாதாரணமாகப் போட்ட மருந்து. சில ஆண்டுகள் கழித்து சில வகை ஏசோ சாயங்களுக்கும் தடை வந்தது. தொண்ணூறுகளுக்கு முன்பிருந்தே சுற்றிய டிரம் என்றால் இவையும் அந்த மரம் குடித்த கணக்கில் சேரும். அதே நேரம், வேலம்பட்டைச் சாறு மட்டும் ஓட்டிய டிரம்மும் உண்டு. அந்தப் பலகை கிடைத்தால் அதிர்ஷ்டம். பட்டைச் சாறு குடித்த மரத்துக்கும் ஓக்குக்கும் பெரிய வித்தியாசமில்லை, இரண்டிலும் இருப்பது டானின்தான்.

எரிக்கிறதுக்கு மட்டும் வேண்டாம்

பழைய மரத்தில் பெஞ்சுக்கு ஆகாதது எங்கே போகும்? விறகுக்கு. இதைத்தான் நான் மேசை நாற்காலியைவிடப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் என்று ஒரு ஆலை இருந்தது. 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுப்போன, லட்சம் டன்னைத் தாண்டிய குரோமியக் கழிவு மேடு இன்னும் ஊருக்குத் தலைவலி. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் ஓடும் என்பார்கள், அந்த மேடுதான். அங்கே செய்த வேலையின் அடிப்படை என்ன? குரோமியத் தாதுவைச் சோடாவோடும் சுண்ணாம்போடும் சேர்த்துக் காற்று பட வறுப்பது. வறுத்தால் மூன்று ஆறாகும். இப்போது ஒரு டிரம் பலகையை அடுப்பில் வைப்பதை நினைத்துப் பாருங்கள். குரோம் மரத்திலேயே இருக்கிறது. சுண்ணாம்பும் பொட்டாசியமும் மரச் சாம்பலில் இயல்பாகவே உண்டு. சூடும் காற்றும் அடுப்பு தருகிறது. ஆலை எதைச் செய்ததோ, அதையே சின்ன அளவில் வீட்டு அடுப்பு செய்கிறது. சாம்பல் மஞ்சள் தட்டினால் சந்தேகமே வேண்டாம். அந்தச் சாம்பலில் பாத்திரம் தேய்க்கிற, செடிக்குப் போடுகிற பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. பேக்கரிக்கும், செங்கல் சூளைக்கும், விறகடுப்பில் தம் போடுகிற பிரியாணிக் கடைக்கும் விறகு வாங்குகிறவர்கள், கட்டு கட்டாக வரும் தடிமனான பலகைத் துண்டைப் பார்த்தால் ஆசாரியின் கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது.

ஆக, உடைத்து எரிப்பதைவிட பெஞ்சாகச் செய்து உட்கார்வது எவ்வளவோ மேல். மரத்துக்குள் இருக்கிற குரோம் மரத்துக்குள்ளேயே இருக்கும். வேலை தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வேலை டேனரிக்குள்ளேயே நடக்க வேண்டும். டிரம்மைப் பிரிப்பதற்கு முன் நல்ல தண்ணீர் ஊற்றி, நாலைந்து தடவை சுற்றவிட்டு வடிக்கலாம். டிரம் தன்னைத் தானே கழுவிக்கொள்ள அதைவிட நல்ல இயந்திரம் கிடையாது. முக்கியமாக, அந்தத் தண்ணீர் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். பிரித்து எடுத்து வந்து மரக்கடைக்காரர் தன் கொல்லையில் ஊறப்போட்டால் அந்த உப்பும் குரோமும் போகிற இடம் அவர் கிணறு. டேனரியிலேயே கழுவுகிற இந்த வேலையை யாரும் செய்வதாகத் தெரியவில்லை. டிரம்மை விற்கிறவருக்கு ஒரு நாள் மின்சாரச் செலவு, வாங்குகிறவருக்கு உப்புத் தொல்லையில் பாதி மிச்சம்.

பிரிக்கும்போதே ஒவ்வொரு பலகையிலும் உள்முகம் எது என்று பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். காய்ந்து வெளுத்த பிறகு இரண்டு முகமும் ஒன்று போலத் தெரியும். அப்புறம் காய வைப்பது. இருபது முப்பது வருஷம் தண்ணீரிலேயே இருந்த மரம் அது. வேலூர் கத்திரி வெயிலில் அப்படியே போட்டால் ஒரே வாரத்தில் முனையிலிருந்து முழ நீளத்துக்கு வெடிக்கும். நிழலில், பலகைக்குப் பலகை ரீப்பர் வைத்து அடுக்கி, வெட்டு முனைகளில் பெயின்ட்டோ மெழுகோ பூசி, பொறுமையாக விட வேண்டும். ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. கடைக்காரருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. வாங்குகிறவராவது ஒரு மழைக்காலம் வீட்டில் போட்டு வைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

சாமில்லுக்குக் கொண்டுபோகும் முன் இரும்பு பார்க்க வேண்டும். காந்தம் போதும் என்று நினைப்பவர்கள் பிளேடை இழப்பார்கள். பிற்காலத்து டிரம்களில் போல்ட்டெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் பெரும்பாலானவற்றைக் காந்தம் பிடிக்காது. கையில் பிடிக்கிற மெட்டல் டிடெக்டர் வேண்டும்.

பலகையின் முனையில் ஒரு விரற்கடை அளவுக்குப் புதிதாக வெட்டி, வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். குரோம் டிரம் என்றால் உள்முகத்தை ஒட்டிப் பச்சை கலந்த நீலத்தில் ஒரு வரி தெரியும். மரத்துக்கு மரம் அதன் ஆழம் மாறும். எக்கி மாதிரி வைரம் பாய்ந்த மரத்தில் மெல்லிசாக நிற்கும், லேசான மரத்தில் உள்ளே போகும். வரி முடிகிற இடத்துக்கு அப்பாலும் ஒரு அரை அங்குலம் சேர்த்து அறுத்துத் தள்ளிவிடுவது என் கட்சி. மூன்றங்குலப் பலகையில் முக்கால் அங்குலம் போனாலும் கதவு நிலைக்குத் தாங்கும். நிறம் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகாது. நிறையப் பலகை வாங்குகிறவர்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு துண்டைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு டைஃபினைல் கார்பசைட் சோதனை இருக்கிறது. இருந்தால் கத்திரிப்பூ நிறம் காட்டும்.

அறுப்பதும் இழைப்பதும் மூக்கில் நல்ல முகமூடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. எந்த மரத்தூளும் நுரையீரலுக்கு ஆகாது, இது இன்னும் ஆகாது. ஒட்டுவதற்குப் பசையை நம்ப வேண்டாம், உப்பு ஊறிய மரத்தில் பசை பிடிக்காது. ஆசாரி முளையடித்துப் பூட்டுகிற பழைய முறைதான் நிற்கிறது. திருகு போட்டே ஆக வேண்டுமென்றால் பித்தளை, இல்லை ஸ்டெயின்லெஸ். என்ன செய்யலாம் என்றால், தோட்டத்து பெஞ்சு, கேட், தூண், மாடிப்படிக் கைப்பிடி. என்ன செய்யக் கூடாது என்றால், காய் நறுக்கும் பலகை, சப்பாத்திக் கட்டை, தொட்டில், குழந்தை கடித்துப் பார்க்கக்கூடிய எதுவும்.

என் பெஞ்சுக்கு வருவோம். ஆசாரி அதைப் பிரித்து முனையை வெட்டிப் பார்த்தார். நீல வரி இல்லை, ஊறல் டிரம்தான் என்றார். நிறத்தை வைத்து முடிவு செய்ய அவருக்கு அனுபவம் இருந்தது, எனக்கு இல்லை. ஒரு துண்டைச் சோதனைக்குக் கொடுத்தேன். குரோம் இருந்தது, கொஞ்சமாக. "பக்கத்து டிரம்முல இருந்து பலகை மாத்தியிருப்பாங்க தம்பி" என்று சமாதானம் சொன்னார். கட்டையடைப்பு இருந்த முகத்தை முக்கால் அங்குலம் அறுத்து எடுத்துவிட்டு, திருகையெல்லாம் பித்தளையாக மாற்றி, மறுபடி பூட்டிக் கொடுத்தார். போன ஐப்பசியில் ஒரு காலின் அடியில் மட்டும் லேசாக வெள்ளை பூத்தது.

அறுத்துத் தள்ளிய பலகைத் துண்டும் இழைத்த சீவலும் சிமென்ட் சாக்கில் இரண்டு மூட்டை வந்தது. எரிக்க முடியாது. குப்பை வண்டியில் போட்டால் கிடங்கில் யாராவது கொளுத்துவார்கள். பக்கத்து வீட்டம்மா கோழிக்கூண்டில் பரப்ப ஒரு மூட்டை கேட்டார், காரணம் சொல்லி மறுத்தேன், அவருக்கு வருத்தம்தான். இரண்டு மூட்டையும் மாடிப்படிக்கு அடியில் கட்டியபடியே இருக்கின்றன.